ஊற்றுக்கண்ணின் இருள்

நுழையும்முன்

இயற்கையை உள்ளவாறே வரைதல் எளிய செயல்போலத் தோன்றும். கண்ணெதிரே பாறை இருக்கிறது, நீர் ஓடுகிறது, அவற்றை வண்ணத்தில் பதித்துவிட்டால் போதும் என்று எண்ணுவோம். ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் ‘உள்ளதை மட்டுமே வரைவேன்’ என்ற நிலைப்பாடு பெரும் பூசலை எழுப்பியது. அந்நிலைப்பாட்டில் நின்ற ஓவியர் குஸ்தாவ் கூர்பே, தம் சொந்த மண்ணின் மலையிடுக்கு ஒன்றை வரைந்தார். அவ்வோவியத்தையும் அது காட்டும் ஆற்றையும் பற்றி விளக்குகிறது இக்கட்டுரை.

ஓர் ஆறு பிறக்கும் இடம்

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில், சுவிட்சர்லாந்தை ஒட்டி நீண்டு கிடப்பது ஜூரா மலைத்தொடர். டைனோசர்கள் வாழ்ந்த ஜூராசிக் காலம் தன் பெயரைப் பெற்றது இம்மலையிலிருந்துதான். அக்காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைகளே இங்கு அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கின்றன. இம்மலைநாட்டில் ஊவான் என்னும் சிற்றூருக்கு அருகே பாறைச்சுவர் ஒன்று ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்திற்குச் செங்குத்தாக எழுகிறது. அச்சுவரின் அடியில் வாய்பிளந்து நிற்கும் ஒரு குகை. அக்குகையிலிருந்து வெளிப்படுகிறது லூ ஆறு.

பெரும்பாலான ஆறுகள் கசிவாகத் தொடங்கி, சிற்றோடையாகி, வழியில் பல ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு பெருகுவன. லூ அவ்வாறு வளர்வதில்லை. பிறக்கும்போதே ஆறாகப் பிறக்கிறது. நிலத்தடி நீர் வெளிப்படும் இடத்தைத் தமிழில் ஊற்றுக்கண் என்போம். இங்கு அந்தக் கண் ஒரு கோட்டை வாயிலின் அளவு பெரியது. வெளிவந்த நீர், இருபுறமும் பாறை நெருக்கும் குறுகிய மலையிடுக்கின் வழியே இரைந்து பாய்கிறது. பின்பு பள்ளத்தாக்கு சற்றே விரியும் இடத்தில் ஓர்னான் என்னும் ஊரின் வீட்டுச் சுவர்களைத் தொட்டுக்கொண்டு செல்கிறது.

அந்த ஓர்னானில்தான் 1819ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் கூர்பே பிறந்தார். வசதியான வேளாண் குடும்பம். இருபது வயதளவில் பாரிசுக்குச் சென்றார், அங்கேயே புகழ்பெற்றார். எனினும், ஆண்டுதோறும் ஓர்னானுக்குத் திரும்பி வந்து வரைவதை விடவில்லை. பாரிசின் ஓவிய உலகம் அவருடைய நாட்டுப்புறப் பேச்சையும் நடையையும் எள்ளி நகைத்தபோது, அவற்றை மறைக்க முயலாமல் மேலும் உரக்கக் காட்டிக்கொண்டார். பணிவு அவருடைய இயல்புகளுள் ஒன்றன்று.

நடப்பியல் என்னும் சொல்

யதார்த்தவாதம் என்றும் வழங்கப்படும் நடப்பியல், கூர்பேயின் பெயரோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்துள்ளது. அக்காலத்துப் பிரெஞ்சுக் கலைக்கழக மரபில் ஓவியங்களுக்கு ஏற்றத்தாழ்வு இருந்தது. தொன்மக் கதைகளையும் சமயக் காட்சிகளையும் வரலாற்று நிகழ்வுகளையும் காட்டும் ஓவியம் உச்சியில் இருந்தது. அன்றாட வாழ்க்கைக் காட்சி, நிலக்காட்சி, உயிரற்ற பொருள்களின் படம் ஆகியன கீழ்ப்படிகளில் இருந்தன. பெரிய அளவுக் கித்தான் பெரியோருக்கும் தெய்வங்களுக்கும் உரியது என்பது எழுதப்படாத விதி.

கூர்பே அவ்விதியை மீறினார். 1849, 1850ஆம் ஆண்டுகளில் அவர் வரைந்த ‘ஓர்னானில் ஓர் அடக்கம்’ என்னும் ஓவியம் மூன்று மீட்டருக்கும் மிகுந்த உயரமும் ஆறரை மீட்டருக்கும் மிகுந்த அகலமும் கொண்டது. அதில் இருப்போர் அரசர்களோ புனிதர்களோ அல்லர்; ஓர் இறுதிச் சடங்கில் கூடிநிற்கும் ஊர் மக்கள். அழகற்ற முகங்களை அழகற்றவாறே வரைந்துவிட்டார் என்று பலர் சினந்தனர். உண்மையில் அவர்களைச் சினமூட்டியது முகங்களின் அழகின்மையைக் காட்டிலும் அம்முகங்களுக்குத் தரப்பட்ட இடத்தின் அளவே எனலாம்.

1855ஆம் ஆண்டு பாரிசில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. கூர்பேயின் படங்கள் பலவற்றை ஏற்றுக்கொண்ட தேர்வுக்குழு, ‘அடக்கம்’ ஓவியத்தையும் புதிதாக வரைந்திருந்த ‘ஓவியரின் கூடம்’ என்னும் பேரோவியத்தையும் ஏற்க மறுத்தது. அவர் சும்மா இருக்கவில்லை. கண்காட்சிக்கு அருகிலேயே தம் செலவில் தனி அரங்கம் அமைத்தார். அதற்கு ‘நடப்பியல்’ என்று பெயரிட்டார். நுழைவுக் கட்டணமும் வாங்கினார்.

‘ஓவியரின் கூடம்’ நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஏறத்தாழ ஆறு மீட்டர் அகலமுள்ள அப்படத்தில் இடப்புறமும் வலப்புறமும் மாந்தர் கூட்டம் நிறைந்திருக்கிறது. நடுவில் கூர்பே அமர்ந்து ஒரு படம் வரைந்துகொண்டிருக்கிறார். இத்தனை மாந்தர் சூழ இருக்கையில் அவர் வரைவது யாருடைய உருவத்தை? எவருடையதையும் இல்லை. அவர் வரைவது தம் ஊர்ப்பக்கத்துப் பள்ளத்தாக்கின் நிலக்காட்சி. அருகில் நின்று ஒரு சிறுவன் வியப்போடு அதைப் பார்க்கிறான். கீழ்ப்படியில் வைக்கப்பட்டிருந்த நிலக்காட்சி, இங்கு ஒரு பேரோவியத்தின் நடுவிடத்தில் அமர்ந்துவிட்டது.

ஊற்றும் ஊற்றுதலும்

நிலக்காட்சியைக் கலைக்கழகம் முற்றிலும் ஒதுக்கியது என்று சொல்ல இயலாது. ‘வரலாற்று நிலக்காட்சி’ என்னும் வகைக்கு 1817 முதல் உயர்ந்த பரிசு ஒன்றே இருந்தது. ஆயினும், அவ்வகையில் மலையும் மரமும் மட்டும் போதா; பழங்கதை மாந்தர் எவரேனும் அங்கு நடமாட வேண்டும்; மரங்களும் பாறைகளும் ஓர் இலட்சிய ஒழுங்கில் அமைய வேண்டும். நிலம் தனக்காக நிற்க உரிமை பெறவில்லை. கதைக்கு மேடையாக இருந்தது. 1863இல் அப்பரிசு கைவிடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டுதான் கூர்பே லூவின் தோற்றுவாயை வரைந்தார்.

அவர் வரைந்ததன் புதுமையை உணர, அக்காலத்தின் மற்றோர் ஓவியத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். செவ்வியல் மரபின் பெரும் ஓவியரான ஆங்கர் பல்லாண்டுகளுக்கு முன் தொடங்கி 1856இல் முடித்த படத்தின் பெயர் ‘ஊற்று’. அதில் பாறையின் முன் ஆடையற்ற இளம்பெண் ஒருத்தி நிற்கிறாள். தோள்மேல் சாய்த்துப் பிடித்த குடத்திலிருந்து நீரைச் சொரிகிறாள். ஆறுகளின் பிறப்பிடத்தை நீரணங்காக உருவகித்த கிரேக்க, உரோமானிய மரபின் தொடர்ச்சி அது. தமிழில் ‘ஊற்று’ என்னும் ஒரே சொல் நீர் சுரக்கும் இடத்தையும் நீரைச் சொரியும் செயலையும் குறிக்கும். ஆங்கரின் படத்திற்கு இரண்டாம் பொருள் பொருந்தும். கூர்பேயின் படத்திற்கு முன்னையதே பொருந்தும்.

கூர்பே ஆங்கருக்கு மறுமொழியாகவே இதை வரைந்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால், இரண்டையும் அடுத்தடுத்துக் காணும்போது ஒன்று புலப்படும். ஆங்கரின் படத்தில் ‘நீர் எங்கிருந்து வருகிறது?’ என்னும் வினாவிற்கு விடை இருக்கிறது: குடத்திலிருந்து வருகிறது. கூர்பேயின் படத்தில் விடை இல்லை. நீர் இருளிலிருந்து வருகிறது. அவ்வளவே.

பாறையைக் கத்தியால் வரைதல்

கூர்பே லூவின் தோற்றுவாயை ஒருமுறை மட்டும் வரையவில்லை. தோற்றுவாய்க்குச் சென்று நான்கு படங்கள் வரைந்ததாக 1864ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் அவரே குறிப்பிடுகிறார். இன்று அவ்வரிசையைச் சேர்ந்த படங்கள் நியூயார்க், வாஷிங்டன், பஃபலோ முதலிய நகரங்களின் கலைக்கூடங்களில் உள்ளன. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்ததற்கு இடத்தின்மேல் இருந்த ஈடுபாடு ஒரு காரணம். நிலக்காட்சிகளுக்கு விலை கிடைத்தது என்பதும் ஒரு காரணம். கலைஞரின் மதிப்பு இதனால் குறைந்துவிடுவதாக எண்ண வேண்டா; படம் விற்றுத்தான் அவர் வாழ்ந்தார்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் உள்ள படத்தை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும் 1.42 மீட்டர் அகலமும் கொண்ட எண்ணெய் வண்ண ஓவியம். மலையிடுக்கை வரைவோர் வழக்கமாகத் தொலைவில் நின்று, இருபுறக் குன்றுகளையும் நடுவில் ஆற்றையும் மேலே வானத்தையும் காட்டுவர். பார்ப்பவர் ‘எவ்வளவு உயரம்!’ என்று வியக்க அது வழி செய்யும். கூர்பே அவ்வாறு செய்யவில்லை. அவர் நெருங்கிச் சென்றார். குகைவாயும் அதைச் சூழ்ந்த பாறையும் முன்னே பரவும் நீரும் சட்டகத்தை நிறைத்துவிடுகின்றன. வானம் இல்லை. மலையுச்சி இல்லை. நூறு மீட்டர் பாறைச்சுவரில் நாம் காண்பது அடிப்பகுதியை மட்டுமே. உயரத்தைக் காணாமலேயே அதன் எடையை உணர்கிறோம்.

இப்படத்தில் பாறை எவ்வாறு உருவானது என்பது தனியே கருதத்தக்கது. ஓவியர்கள் வண்ணங்களைக் குழைக்க மெல்லிய எஃகுக் கத்தி ஒன்றை வைத்திருப்பர். கூர்பே அக்கத்தியையே தூரிகையாகக் கொண்டார். கெட்டியான வண்ணத்தைக் கத்தியின் தட்டைப்பரப்பில் எடுத்து, கித்தானில் அழுத்தி இழுப்பார். சில இடங்களில் சுரண்டுவார். கத்தி போன வழியில் வண்ணம் மேடாகவும் பள்ளமாகவும் நிற்கும். கொத்தன் கரண்டியால் சுவருக்குக் காரை பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுண்ணாம்புப் பாறையோ படிவின்மேல் படிவாக அமைந்து, பின்பு நீராலும் காற்றாலும் அரிக்கப்பட்டது. வண்ணத்தை அடுக்கியும் சுரண்டியும் வரைந்த கூர்பேயின் முறை, பாறை உருவான முறையை ஒத்திருக்கிறது. பாறையின் தோற்றத்தை அவர் போலச்செய்கிறார் என்பதைவிட, வண்ணத்தால் ஒரு பாறையைக் கட்டுகிறார் என்பதே பொருத்தம். அச்சிட்ட படத்தில் இதனை முழுமையாகக் காண இயலாது. வழவழப்பான தாள் எல்லாவற்றையும் சமமாக்கிவிடும்.

நீருக்கு வேறு முறை வேண்டியிருந்தது. பாறையின் கரடுமுரடுக்கு எதிராக நீர்ப்பரப்பு அமைதியாக விரிகிறது. பாசியின் பச்சை, பாறையின் சாம்பல் ஆகியவற்றின் நிழல் அதில் தங்குகிறது.

இனி, அந்த இருள். அக்காலத்து ஓவியர் பலர் வெளிறிய அடிப்பூச்சின்மேல் வரையத் தொடங்கினர். கூர்பே கருமையான அடிப்பூச்சைப் பெரிதும் விரும்பினார். முதலில் இருள், அதன்மேல் படிப்படியாக ஒளி. கதிரவன் எழுமுன் நிலம் இருண்டு கிடக்கும்; ஒளி படப்பட மேடுகள் புலப்படும். ஒளி செய்வதையே தாமும் செய்வதாக அவர் கூறினார் என்பர். எனவே, அவருடைய படங்களில் இருள் என்பது பின்னர் சேர்க்கப்பட்ட நிழல் அன்று; அதுவே தொடக்கம். குகைவாயில் பாறை அடுக்குகள் வெளிச்சத்தில் காவியும் சாம்பலுமாகத் தெரிகின்றன. உள்ளே செல்லச் செல்ல அவை மங்குகின்றன. ஓர் எல்லைக்குப்பின் எதுவும் தெரிவதில்லை.

இங்குதான் நடப்பியலின் உண்மையான சோதனை இருக்கிறது. 1861இல் மாணவர்களுக்கு எழுதிய திறந்த மடலில், ஓவியம் கண்ணால் காணத்தக்க, உள்ள பொருள்களை மட்டுமே காட்ட வல்லது என்று கூர்பே வலியுறுத்தியிருந்தார். அவ்வாறாயின், குகையின் உட்புறத்தை என்ன செய்வது? அங்கு ஏதோ இருக்கிறது. ஓர் ஆறே அங்கிருந்துதான் வருகிறது. ஆனால், அது கண்ணுக்குத் தெரியவில்லை. கற்பனை வளமுள்ள ஓவியர் உள்ளே ஓர் ஒளிக்கீற்றையோ ஒரு வளைவையோ காட்டியிருக்கலாம். கூர்பே தாம் காணாததை வரையவில்லை. தெரியாத இடம் தெரியாத இடமாகவே நின்றது. கித்தானின் நடுவிடத்தை ‘இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை’ என்பதற்கு ஒதுக்குவது சிறிய துணிவன்று.

நடப்பியலர் கண்ட அனைத்தையும் வரைந்தார் என்பதும் தவறான கருத்து. அக்காலத்தில் லூவின் தோற்றுவாயை ஒட்டி நீரின் விசையால் இயங்கும் ஆலைகள் இருந்தன. அது ஆளரவமற்ற காடன்று, உழைப்பு நடந்த இடம். கல்லுடைப்போரையும் ஊர் மக்களையும் பேரளவில் வரைந்த அதே கூர்பே, இங்கு நெருங்கி நின்று பாறைவாயிலையே தம் பொருளாகக் கொண்டார். எதை வரைவது, எங்கே நிற்பது, எதைச் சட்டகத்துக்கு வெளியே விடுவது என்பன ஓவியரின் முடிவுகள். கேமராவைக் கையில் வைத்திருப்பவரும் இதே முடிவுகளை எடுத்தாக வேண்டும் என்பதை நாம் அறிவோம்.

திரும்பாத பயணம்

கூர்பேயின் பிற்கால வாழ்க்கை துயரமானது. 1871இல் பாரிசு மக்கள் அமைத்த கம்யூன் ஆட்சியில் அவர் பங்கேற்றார். அவ்வாட்சியின்போது நெப்போலியனின் வெற்றியைப் போற்றும் வாந்தோம் தூண் வீழ்த்தப்பட்டது. கம்யூன் ஒடுக்கப்பட்டபின் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 500 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. பின்னர் வந்த அரசு, தூணை மீண்டும் நிறுத்தும் செலவு முழுவதையும் அவரே ஏற்க வேண்டும் என்றது. 1873இல் அவர் எல்லை கடந்து சுவிட்சர்லாந்துக்குச் சென்றார். செலவு மூன்று இலட்சத்து இருபத்து மூவாயிரம் பிராங்குக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. ஆண்டுக்குப் பத்தாயிரம் வீதம் செலுத்துமாறு ஆணையிடப்பட்டது. முதல் தவணைக்கு முந்தைய நாளான 1877 திசம்பர் 31 அன்று அவர் இறந்தார். அவருடைய எச்சங்கள் ஓர்னானுக்குக் கொண்டுவரப்பட்டது, பிறந்து நூறு ஆண்டுகள் நிறைந்த 1919இல்தான்.

தெரிந்து தெளிவோம்

சுண்ணாம்புப் பாறை நாட்டில் ஆறுகள் மறைவதும் தோன்றுவதும் இயல்பு. மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, நெடுங்காலத்தில் அவற்றைக் குழிகளாகவும் குகைகளாகவும் நிலத்தடி ஆற்றுவழிகளாகவும் அகலப்படுத்துகிறது. இத்தகைய நிலவமைப்பைப் புவியியலார் கார்ஸ்ட் என்பர்.

குகைக்குள் இருந்தது

கூர்பே வரையாமல் விட்ட இருளுக்குள் என்ன இருந்தது என்பது, அவர் இறந்து 24 ஆண்டுகள் கழித்து, ஒரு தீ விபத்தால் வெளிப்பட்டது. லூ தோன்றும் இடத்திற்கு அப்பால் போந்தார்லியே என்னும் நகரம் உள்ளது. அதன் வழியே பாய்வது தூ என்னும் வேறோர் ஆறு. சோம்பின் மணமுடைய அப்சாந்த் என்னும் மது அந்நகரத்தில் பெருமளவில் வடிக்கப்பட்டது. 1901 ஆகத்து 11ஆம் நாள் அங்கிருந்த பெர்னோ ஆலையில் இடி விழுந்து தீப்பற்றியது. பெருமளவு மது தூ ஆற்றில் கலந்தது. ஓரிரு நாள்கள் கழித்து லூவின் ஊற்றுக்கண்ணில் சோம்பு மணத்தது.

இரண்டு ஆறுகளுக்கும் இடையே நிலத்தின்மேல் எவ்விதத் தொடர்பும் இல்லை. எனவே, தூ ஆற்றின் நீரில் ஒரு பகுதி படுகையின் வெடிப்புகளில் இறங்கி, மலைக்கடியில் பயணம் செய்து, லூவாக வெளிப்படுகிறது என்று தெரியவந்தது. மேட்டுநிலத்து மழைநீரும் அதனோடு சேர்கிறது. 1910இல் குகை ஆய்வாளர் மார்த்தெல் நீரில் வண்ணச் சாயம் கலந்து பார்த்து இத்தொடர்பை உறுதிசெய்தார். லூ, மலையிடுக்கையும் ஓர்னானையும் கடந்து, இறுதியில் மீண்டும் தூ ஆற்றிலேயே போய்ச் சேர்கிறது. பிரிந்த நீர் இருளின் வழியே சுற்றிவந்து தாயாற்றை அடைகிறது.

இவ்வமைப்பில் ஓர் இடரும் உண்டு. மணலும் மண்ணும் நீரை மெல்ல வடிகட்டும். சுண்ணாம்புக் குகைவழி வடிகட்டாது. மேலே கலந்தது எதுவோ அது விரைவில் ஊற்றுக்கண்ணை வந்தடையும். 1901இல் மது வந்ததுபோல, இன்று மேட்டுநிலத்து வயல்கள், கால்நடைப் பண்ணைகள், குடியிருப்புகள் ஆகியவற்றின் கழிவுச்சத்துகள் வருகின்றன. 2009ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2010 வரை லூ ஆற்றில் டிரௌட் முதலிய மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. ஆற்றின் அடிக்கற்களில் பாசி அடர்ந்தது. ஒற்றைக் காரணத்தைச் சுட்ட இயலவில்லை. பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன என்பதே ஆய்வாளர்களின் கருத்து. பிரான்சின் தூய ஆறுகளுள் ஒன்றாகப் பேர்பெற்றிருந்த லூ, அதன்பின் வழக்குகளிலும் ஊர்க்கூட்டங்களிலும் பேசப்படும் பெயராகிவிட்டது.

கூர்பே நின்று வரைந்த பாறைவாயிலுக்கு இன்றும் பயணிகள் வருகின்றனர். அவர்கள் காணும் பாறை அவர் வரைந்தவாறே இருக்கிறது. மேட்டுநிலத்துக் குழிகளில் ஆய்வாளர்கள் இன்றும் சாயத்தைக் கலந்துவிட்டு, அது எத்தனை மணி நேரத்தில், எந்த ஊற்றில் வெளிவருகிறது என்று கீழே காத்திருந்து குறித்துக்கொள்கின்றனர்.